ஆங்கிலச் சொல்வளம்: அகராதியா, சொற்பட்டியலா, அட்டையா, வாசிப்பா?

என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர் போன மாதம் தன் நோட்டைக் காட்டினார். பக்கத்தின் நடுவே கோடு போட்டு இரண்டு பத்திகள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். அறுநூறு சொற்களுக்கு மேல் இருக்கும், கையெழுத்து அச்சுப்போல. "நோட்டோரியஸ்" என்ற சொல்லுக்கு நேரே "பெயர்பெற்ற" என்று எழுதியிருந்தார். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். எங்கள் ஊர் டாக்டர் மிகவும் நோட்டோரியஸ், தூரத்திலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தச் சொல் கெட்ட பெயர் எடுத்தவர்களுக்கு மட்டுமே வரும். ரவுடிக்கு வரும், அடிக்கடி விபத்து நடக்கும் சாலை வளைவுக்கு வரும். கைராசிக்கார டாக்டருக்கு வராது.

அகராதியில் "தீய வகையில் பெயர்பெற்ற" என்றுதான் இருந்ததாம். பத்தி குறுகலாக இருந்ததால் முதல் இரண்டு சொற்களை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார். அந்த இரண்டு சொற்களில்தான் விஷயமே இருந்தது.

அறுநூறு சொற்களை எழுத எத்தனை மாலைகள் போயிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் கேட்டது இதுதான்: "இனிமே எப்படி சார் படிக்கணும்? டிக்ஷனரி பார்க்கணுமா, வேர்ட் லிஸ்ட் மனப்பாடம் பண்ணணுமா, மொபைல்ல ஆப் போட்டுக்கணுமா, தினம் பேப்பர் படிச்சா போதுமா?" வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதப் போகிறவர்கள், கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டுகிறவர்கள் என்று பலரும் இதையேதான் கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்த ஒப்பீடு. அன்றாடப் பேச்சுக்கு வேண்டிய இரண்டாயிரம் சொற்கள் ஏற்கெனவே கைவசம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், சொல் உங்களுக்கு எதற்கு வேண்டும் என்பது. படிக்கும்போது பார்த்தால் புரிந்தால் போதுமா, அல்லது நீங்களே எழுதவும் பேசவும் வேண்டுமா? இரண்டும் வேறு வேறு உழைப்பு. இதை முடிவு செய்யாமல் வழியைத் தேடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

இரண்டாவது, அந்த வழி சொல்லின் அக்கம்பக்கத்தைக் காட்டுகிறதா? தமிழில் வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, பனி கொட்டுகிறது. "வெயில் பெய்கிறது" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இரண்டு சொற்களின் பொருளும் தெரியும், ஆனாலும் தமிழ் வரவில்லை என்போம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். பலத்த மழையை "ஹெவி ரெயின்" என்பார்கள், பலத்த காற்றை "ஸ்ட்ராங் விண்ட்" என்பார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் காதில் உறுத்தும். இந்தச் சேர்க்கையைப் பொருள் விளக்கம் சொல்லித் தராது. எடுத்துக்காட்டு வாக்கியம்தான் சொல்லும்.

மூன்றாவது, படித்த சொல் மறுபடி கண்ணில் படுமா? உயர்நிலைச் சொற்களின் தொல்லையே அவை அபூர்வமாக வருவதுதான். "வாட்டர்" என்ற சொல்லை மறக்கவே முடியாது, நாளுக்கு நூறு முறை வரும். "அலீவியேட்" அடுத்த முறை எப்போது வருமோ.

நான்காவது செலவு. காசைச் சொல்லவில்லை, பெரும்பாலானவை இன்று இலவசம்தான். ஒரு சொல்லுக்கு எத்தனை நிமிடம் போகிறது, அந்த நிமிடம் எங்கே வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

## ஆங்கிலம்–தமிழ் அகராதி

முதல் அறிமுகத்துக்குத் தாய்மொழியைப் போல வேகமானது எதுவும் இல்லை. "ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படி" என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. "குமின்" என்றால் சீரகம். ஆங்கில அகராதியில் அதே சொல்லுக்கு விதை, மசாலா, ஒரு செடி என்று இரண்டு வரி படித்துவிட்டு, அது சீரகமா சோம்பா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதில் என்ன பயன்? செடி, உறுப்பு, நோய், கருவி, சட்டச் சொல் எல்லாவற்றுக்கும் தமிழ் அகராதியே சரி. சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதச் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராக வைத்து 1960களில் கொண்டுவந்த ஆங்கிலம்–தமிழ் அகராதியை இணையத்திலேயே இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

சிக்கல், பண்பையும் செயலையும் குறிக்கும் சொற்களில் வருகிறது. "மிட்டிகேட்", "அலீவியேட்" இரண்டுக்கும் தமிழில் "தணி" என்றுதான் வரும். ஆனால் ஆங்கிலத்தில் அபாயத்தையும் பாதிப்பையும் மிட்டிகேட் செய்வார்கள், வலியையும் வறுமையையும் அலீவியேட் செய்வார்கள். தமிழ்ப் பொருளை மட்டும் படித்தவருக்கு இந்த வேறுபாடு இருப்பதே தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது, அதுதான் இந்த வழியின் பெரிய செலவு. சொல் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியில் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம்.

படிக்கும் வேகம் தடைபடக் கூடாது, பொருள் புரிந்தால் போதும் என்றால் இதுவே நல்ல வழி. எழுதுவதற்கு இதை மட்டும் நம்பாதீர்கள்.

## கற்போருக்கான ஆங்கில அகராதி

ஆங்கில அகராதிகளில் இரண்டு சாதி உண்டு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கானது ஒன்று. அது ஒரு கடினச் சொல்லை விளக்க இன்னும் மூன்று கடினச் சொற்களைப் போடும். மற்றது, வெளியிலிருந்து ஆங்கிலம் கற்பவர்களுக்காகவே செய்தது. நம் வீடுகளில் பெரும்பாலும் முதல் வகைதான் அலமாரியில் இருக்கும். "ஆங்கில அகராதியைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை" என்று பலர் சொல்வதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது வகையின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேய ஆசிரியர் 1924இல் ஜப்பானுக்குப் பாடம் நடத்தப் போனார். அங்கே மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பல வருடம் பார்த்துப் பார்த்து, இரண்டு சக ஆசிரியர்களோடு சேர்ந்து ஓர் அகராதி தொகுத்தார். 1942இல், போருக்கு நடுவில், அது டோக்கியோவில் அச்சானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி என்று நமக்குக் கிடைப்பது அதன் வாரிசுதான். சொல்லுக்குப் பொருள் சொன்னதோடு நிற்காமல், அது வாக்கியத்தில் எப்படி உட்காரும், பின்னால் என்ன வரும் என்று காட்டியதுதான் ஹார்ன்பி செய்த வேலை. அந்நிய மொழிக்காரர்களின் தவறுகளிலிருந்து பிறந்த அகராதி என்பதால் நம் தவறுகளுக்கும் அது பொருந்துகிறது.

1978இல் வந்த லாங்மன் கற்போர் அகராதி, எல்லா விளக்கங்களையும் ஏறக்குறைய இரண்டாயிரம் எளிய சொற்களுக்குள் எழுதுவது என்று வரம்பு வைத்துக்கொண்டது. அந்த இரண்டாயிரம் தெரிந்தால் மொத்த அகராதியும் திறந்துவிடும். 1987இல் காலின்ஸ் கோபில்ட் வந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவானது. அதில் விளக்கமே ஒரு முழு வாக்கியமாக இருக்கும். இப்படிப்பட்ட ஒருவரை, இப்படிப்பட்ட காரணத்துக்காக இவ்வாறு சொல்வார்கள் என்ற பாணி. எடுத்துக்காட்டுகளும் ஆசிரியர் உட்கார்ந்து கற்பனை செய்தவை இல்லை, நிஜமாக எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்திலிருந்து எடுத்தவை.

"எக்ஸாசர்பேட்" என்று இந்த அகராதிகளில் ஒன்றில் தேடிப் பாருங்கள். "மோசமாக்கு" என்று தமிழில் எழுதிக்கொண்டால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஒருவர் எக்ஸாசர்பேட் செய்தார் என்று எழுதிவிடுவோம். கற்போர் அகராதியோ, ஏற்கெனவே மோசமாக இருப்பதை மேலும் மோசமாக்குவது என்று சொல்லும். கீழே வரும் வாக்கியங்களில் நோய், பிரச்சினை, பதற்றம் என்றே பார்ப்பீர்கள். அப்புறம், ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பன்மை உண்டா இல்லையா என்ற குறிப்பும் இருக்கும். நம் அலுவலகக் கடிதங்களில் "எக்விப்மென்ட்ஸ்" என்று எவ்வளவு தாராளமாக எழுதுகிறோம்! அந்தச் சொல்லுக்குப் பன்மையே கிடையாது.

இதன் செலவு நேரம். ஒரு சொல்லை ஒழுங்காகப் படிக்க மூன்று, நான்கு நிமிடம் ஆகும். நாளுக்கு ஐம்பது சொல் என்று இலக்கு வைத்தவர்களுக்கு இது ஒத்துவராது. நான் நாளுக்கு ஐந்து போதும் என்பேன். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசம். உச்சரிப்பைக் கேட்கவும் முடியும். ஆகவே அச்சுப் புத்தகம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

## சொற்பட்டியல்

பட்டியலில் தொடக்கமும் முடிவும் தெரியும், இத்தனை முடித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தத் திருப்தியைக் குறைத்துப் பேச மாட்டேன், பலரை நாற்காலியில் உட்கார வைப்பதே அதுதான். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி போன்ற தேர்வுகளில் ஒரு சொல் கொடுத்து அதே பொருள் தரும் சொல்லைக் கேட்கிறார்கள், எதிர்ச்சொல் கேட்கிறார்கள், ஒரு தொடருக்கு ஒற்றைச் சொல் கேட்கிறார்கள். அதற்குப் பட்டியலே குறுக்கு வழி.

ஆனால் வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்ஈ தேர்வுக்குப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிர்ச்சொல் கேள்விகளும் சொல்லுறவுக் கேள்விகளும் 2011இலேயே அந்தத் தேர்விலிருந்து போய்விட்டன. இப்போது வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறார்கள். ஒரு வகையில், ஆறு சொற்களில் வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியிருக்க, அண்ணன் படித்த பழைய பட்டியலை அதே பழைய முறையில் தம்பி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்.

பட்டியலுக்கு மறைவான செலவுகள் இரண்டு. ஒன்று, ஒலியிலோ பொருளிலோ ஒன்றுபோல இருக்கும் சொற்களை ஒரே நாளில் படித்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். "எமினென்ட்", "இமினென்ட்" இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் தேர்வறையில் எது புகழ்பெற்றது, எது நெருங்கிவிட்டது என்று கையைப் பிசைவதைப் பார்த்திருக்கிறேன். முதல் சொல் நன்றாக ஊறிய பிறகு இரண்டாவதைத் தொடுவது நல்லது. இன்னொன்று, வேர்ச்சொல்லை வைத்துப் பொருளை ஊகிக்கும் பழக்கம். "பெனி" என்றால் நன்மை, "மால்" என்றால் தீமை என்று தெரிந்தால் பத்துப் பன்னிரண்டு சொற்கள் சுலபமாகப் பிடிபடும், உண்மைதான். ஆனால் "நாய்ஸம்" என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை, அதன் பொருள் குமட்டும் நாற்றம். "எனர்வேட்" என்பது எனர்ஜி தருவது போல ஒலிக்கும், பொருளோ தெம்பை உறிஞ்சுவது.

பட்டியல்தான் வேண்டும் என்றால், எதற்காகத் தொகுத்தது என்று காரணம் சொல்லும் பட்டியலை எடுங்கள். நியூசிலாந்தில் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்வித்துறைச் சொற்பட்டியல் அப்படிப்பட்டது. சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விநூல், ஆய்வுக்கட்டுரைத் தொகுப்பை அலசி, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களை எடுத்தார் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம்). அத்தகைய எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த 570க்குள் அடங்கிவிடுகிறது. தமிழ்வழியில் பள்ளி முடித்துக் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைப் பார்த்துத் திகைத்து நிற்கும் ஒருவருக்கு, அபூர்வச் சொற்கள் மூவாயிரத்தைவிட இந்த 570தான் கைகொடுக்கும்.

## நினைவூட்டும் அட்டைகள்

படித்ததை எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னைத்தானே சோதித்து 1885இல் எழுதிவைத்தார். மறக்கப் போகும் நேரத்தில் மறுபடி நினைவுபடுத்திக்கொண்டால் அடுத்த மறதி தள்ளிப்போகும். இந்த வேலையை 2006இல் வந்த ஆங்கி என்ற செயலி கணக்கிட்டுச் செய்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் காசு கொடுக்க வேண்டும். தெரிந்த அட்டை நாள் கழித்து, வாரம் கழித்து, மாதம் கழித்து வரும். தெரியாதது உடனே வரும். மூன்றாவது அளவுகோலில் இதை அடிக்க ஆளில்லை.

அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்பக்கம் "அலீவியேட்", பின்பக்கம் "தணி" என்று போட்டால் அந்த மாணவரின் இரண்டு பத்தி நோட்டுதான் மொபைலுக்குள் போயிருக்கிறது. முன்பக்கம் முழு ஆங்கில வாக்கியம் ஒன்றைப் போடுங்கள்: அரசு அறிவித்த நிவாரணம் விவசாயிகளின் துயரத்தை (இங்கே கோடு) உதவவில்லை என்ற பொருளில், விடுபட்ட சொல்லின் முதல் எழுத்தை மட்டும் காட்டி. பின்பக்கம் சொல், ஒரு வரி விளக்கம், கூடவே வரும் வேறு இரண்டு சொற்கள். ஒவ்வொரு முறை அட்டை வரும்போதும் சொல் தன் அக்கம்பக்கத்தோடு வரும்.

செலவு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். உற்சாகத்தில் நாளுக்கு இருபது புதிய அட்டை என்று ஆரம்பிப்போம். பழையவை திரும்பி வரத் தொடங்கியதும் ஒரு நாளின் வேலை நூறு அட்டையைத் தாண்டிவிடும். ஊரில் திருவிழா என்று மூன்று நாள் விட்டால் முன்னூறு காத்திருக்கும். அதைப் பார்த்துச் செயலியையே அழித்தவர்கள் பலர். ஐந்து, ஆறு புதிய அட்டைக்கு மேல் வேண்டாம். பிறர் செய்து வைத்திருக்கும் ஆயத்த அட்டைக் கட்டும் வேண்டாம். அட்டையை எழுதும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பாதி சொல் மனதில் பதிகிறது.

## வாசிப்பும் ஒரு நோட்டும்

தினமும் தலையங்கம் படி என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் அறிவுரை. நல்ல அறிவுரைதான். சொல் அதன் சொந்த வீட்டில் இருப்பதைப் பார்க்க வேறு வழி கிடையாது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். நாவலையும் நாளிதழையும் துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அப்போதுதான் ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாததாக இருக்கும். மூவாயிரம் சொற்களோடு தலையங்கத்தைத் திறப்பவருக்கு வரிக்கு வரி முள் குத்தும். அவருக்கு எளிய கட்டுரைகளே இப்போதைக்குச் சரி.

இன்னொரு செலவு, புரிந்ததாக நினைத்துக் கடந்துபோவது. சூழலை வைத்து ஊகித்த பொருள் பல நேரம் பாதிதான் சரியாக இருக்கும். உச்சரிப்பும் கண்ணால் படித்தால் வராது. "எபிட்டமி" என்ற சொல்லைப் பல வருடம் "எபிடோம்" என்றே மனதுக்குள் படித்திருப்போம், நேர்காணலில் வாயைத் திறக்கும் வரை தெரியாது.

இதைச் சமாளிக்க ஒரு வாரம் முழுக்க ஒரே விஷயத்தைப் பற்றிப் படியுங்கள். காவிரிப் பிரச்சினையை எடுத்துக்கொண்டால் "ட்ரிப்யூனல்", "ரைப்பேரியன்", "அட்ஜூடிகேட்", "அப்போர்ஷன்", "டெஃபிசிட்" எல்லாம் கட்டுரைக்குக் கட்டுரை திரும்ப வரும். அட்டை செய்யும் வேலையைச் செய்தியே செய்துவிடும். விஷயம் நமக்கு ஏற்கெனவே தமிழில் தெரியும் என்பதால் ஊகமும் தப்பாது.

நோட்டில் சொல்லைத் தனியாக எழுத வேண்டாம். அது வந்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எடுத்துக்காட்டு கேட்டால் நொடியில் பத்து கொடுக்கும். முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு இது இயல்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். அது சொன்னதைக் கற்போர் அகராதியில் ஒரு முறை ஒத்துப் பாருங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | படித்தால் புரியுமா | எழுத வருமா | மறுபடி கண்ணில் படுமா | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| ஆங்கிலம்–தமிழ் அகராதி | உடனே | அரிது | படாது | தெரிந்துவிட்டது என்ற மயக்கம் |
| கற்போர் அகராதி | சற்று நேரம் எடுத்து, ஆழமாக | வரும் | தானாகப் படாது | சொல்லுக்கு 3, 4 நிமிடம் |
| சொற்பட்டியல் | ஓரளவு | அரிது | நீங்களே புரட்டினால் | ஒன்றுபோன்ற சொற்கள் குழம்புவது |
| அட்டை | புரியும் | வாக்கிய அட்டை என்றால் வரும் | கட்டாயம் | சேர்ந்துபோகும் பாக்கி |
| வாசிப்பும் நோட்டும் | சூழலோடு | மெதுவாக வரும் | ஒரே விஷயம் படித்தால் | தவறான ஊகம், உச்சரிப்பு |

## யாருக்கு எது?

மூன்று மாதத்தில் எஸ்எஸ்சி என்றால் தயங்க வேண்டாம், பட்டியலும் அட்டையும். கேள்வியே தனிச்சொல்லைத்தான் கேட்கிறது.

ஐஇஎல்டிஎஸ் வேறு மாதிரி. எழுத்திலும் பேச்சிலும் மதிப்பெண்ணில் கால் பங்கு சொல்வளத்துக்கு. அரிய சொல்லைப் போட்டதற்காக மட்டும் கொடுக்க மாட்டார்கள், பொருத்தமான சேர்க்கையில் வந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இவர்களுக்குக் கற்போர் அகராதியும், தினம் ஐந்து சொந்த வாக்கியமும். பட்டியலில் கண்ட பெரிய சொற்களைக் கட்டுரையில் தூவினால் நஷ்டம்தான்.

ஜிஆர்ஈக்குப் பட்டியலை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் வாக்கிய அட்டையாக மாற்றிய பிறகு. கல்லூரி மாணவருக்கு 570 சொற்குடும்பங்கள், பக்கத்தில் கற்போர் அகராதி. தேர்வு எதுவும் இல்லை, ஆங்கிலத்தில் நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் என்பவருக்கு வாசிப்பு. தடங்கல் வந்தால் தமிழ் அகராதியைத் தாராளமாகப் பார்க்கட்டும்.

நோட்டோடு வந்த மாணவருக்கு நான் சொன்னது, அறுநூறையும் தூக்கிப்போட வேண்டாம் என்பதுதான். அவற்றில் பாதிக்கு மேல் பெயர்ச்சொற்கள், அவற்றுக்கு அந்தத் தமிழ்ப் பொருளே போதும். மீதியில் நாளுக்கு ஐந்தாக எடுத்து, கற்போர் அகராதியைப் பார்த்து, ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் என்று புது நோட்டு போட்டிருக்கிறார். நடுவில் கோடு கிடையாது. முதல் பக்கத்தில் "நோட்டோரியஸ்". அதற்குக் கீழே, பின்னால் "ஃபார்" வரும் என்று ஒரு குறிப்பு. அதற்கும் கீழே அவருடைய சொந்த ஆங்கில வாக்கியம்: எங்கள் ஊர் ஏரிக்கரை வளைவு விபத்துகளுக்குப் பேர்போனது. மறுபடி பார்க்க வேண்டிய மூன்று தேதிகளை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார். முதல் தேதிக்கு டிக் போட்டாயிற்று.